நான்கு வேளை செபமும் ஒரு நிமிட மௌனமும்: இங்கிலாந்துக் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி ஒன்றின் கூட்டு வழிபாடு பற்றிய நிகழ்வு ஆய்வு

பள்ளியும் கேள்வியும்

லண்டனின் வெளிவட்டத்தில் இருக்கும் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் செபமும் வழிபாடும் எப்படி நடந்தன, எதை மாற்றினார்கள், மாற்றியதில் எது தேறியது, எது தேறவில்லை என்பதைப் பற்றியது இந்த ஆய்வு. ஆண்டுக்கு ஒரே பிரிவு, பிரிவுக்கு முப்பது பிள்ளைகள் வரை. நான்கு வயதில் சேரும் ரிசெப்ஷன் வகுப்பு தொடங்கி, பதினொரு வயதில் முடிக்கும் ஆறாம் ஆண்டு வரை ஏழு வகுப்புகள். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன். நான் அந்தப் பள்ளியின் கவர்னர்களில் ஒருவன். (தமிழ்நாட்டு வாசகர்கள் ராஜ்பவனை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினருக்கு அதுதான் பெயர். சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு.) இத்தகைய பள்ளிகளில் கவர்னர்களில் பெரும்பான்மையோரை ஆயர்தான் (பிஷப்) நியமிக்கிறார். வழிபாடு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலைகளில் ஒன்று.

பிள்ளைகளில் பாதிக்கு மேல் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்கள். போலந்துக் குடும்பங்கள், மலையாளிகள், பிலிப்பீன்ஸ்காரர்கள், நைஜீரியர்கள், இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் அயர்லாந்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் என்று கலவையான பள்ளி. மற்ற சபைக் கிறிஸ்தவர்களும், முஸ்லிம், இந்துப் பிள்ளைகளும், எந்த மதமும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் கணிசமாக உண்டு. ஆசிரியர்களிலும் எல்லோரும் கத்தோலிக்கர் இல்லை. தலைமையாசிரியர் கத்தோலிக்கராக இருந்தாக வேண்டும் என்பது ஆயர்களின் விதி. வகுப்பாசிரியருக்கும் உதவி ஆசிரியைகளுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. இந்த விவரம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

எங்கள் கூட்டத்தில் எழுந்த கேள்வி எளிமையானது. தினம் நான்கு வேளை செபம், வாரம் மூன்று நாள் பொது வழிபாடு. இத்தனை நடக்கிற இடத்தில் பிள்ளைகள் உண்மையில் செபிக்கிறார்களா?

சட்டம் என்ன சொல்கிறது

இங்கிலாந்தில் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகள் எல்லாவற்றிலும் தினமும் கூட்டு வழிபாடு நடக்க வேண்டும் என்பது சட்டம். வெளியிலிருந்து வருபவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். 1944 கல்விச் சட்டம், பள்ளி நாள் கூட்டு வழிபாட்டோடு தொடங்க வேண்டும் என்றது. 1988 சட்டம் அதைத் தளர்த்தி, நாளின் எந்த நேரத்திலும், வகுப்பு வகுப்பாகவும் நடத்தலாம் என்றது. சமயம் சாராத பள்ளிகளில் வழிபாடு பெரும்பாலும் பொதுவான கிறிஸ்தவத் தன்மையோடு இருக்க வேண்டும் என்று சேர்த்ததும் அதே சட்டம். அந்தப் பள்ளிகளில் பல இதைப் பெயருக்குத்தான் செய்கின்றன என்பது ஊரறிந்த ரகசியம்.

கத்தோலிக்கப் பள்ளிகளின் கதை வேறு. அங்கே வழிபாடு கத்தோலிக்க மரபுப்படி நடக்கும். அதைச் சோதிப்பதும் அரசின் ஆஃப்ஸ்டெட் ஆய்வாளர்கள் இல்லை. 2005 கல்விச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி திருச்சபையே ஆய்வாளர்களை அனுப்புகிறது. முன்பு ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் வழியில் செய்துவந்ததை 2022 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர் பேரவையின் கீழ் இயங்கும் கத்தோலிக்கப் பள்ளிகள் ஆய்வகம் எடுத்துக்கொண்டது. மூன்று பகுதிகளுக்குத் தரம் போடுகிறார்கள்: பள்ளியின் கத்தோலிக்க வாழ்வும் பணியும், மறைக்கல்வி, கூட்டு வழிபாடு. ஒன்று என்றால் மிகச் சிறப்பு, நான்கு என்றால் போதாது. மறைக்கல்விக்குப் பாட நேரத்தில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தர வேண்டும். வழிபாட்டு நேரத்தை அந்தக் கணக்கில் சேர்த்துக் காட்ட முடியாது. 2023இல் ஆயர்கள் மறைக்கல்விக்குப் புதிய பாட வழிகாட்டியும், செபத்துக்கும் வழிபாட்டுக்கும் தனி வழிகாட்டியும் வெளியிட்டார்கள். எங்கள் பள்ளியில் கேள்வி சூடுபிடித்ததற்கு அந்த இரண்டாவது ஆவணமும் ஒரு காரணம்.

பெற்றோர் விரும்பினால் பிள்ளையை வழிபாட்டிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். கத்தோலிக்கப் பள்ளிக்கும் இது பொருந்தும்.

முதலில் கண்டது

தலைமையாசிரியரின் ஒப்புதலோடு கவர்னர்கள் சிலர் ஒரு பருவம் முழுக்க வெவ்வேறு நாட்களில் போய் உட்கார்ந்து பார்த்தோம். குறை கண்டுபிடிக்கப் போகவில்லை. வகுப்பின் பின்னால் சின்ன நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருப்பவனுக்கு அதிகாரம் காட்டவும் முடியாது.

காலைச் செபம் ஸ்மார்ட் போர்டில் எழுத்தாகத் தெரியும். பிள்ளைகள் ஒரே குரலில் வாசிப்பார்கள். ஆசிரியை அந்த நேரத்தில் வருகைப் பதிவை முடித்துக்கொண்டிருப்பார். மதியச் செபம் சாப்பாட்டுக்குக் கிளம்பும் வரிசையிலேயே நடக்கும். ஒரு கை கோட்டுக்குள், ஒரு கை வெளியே, கண் கதவின் மேல். சாப்பிட்ட பிறகு ஒரு நன்றிச் செபம், வீட்டுக்குப் போகும்முன் ஒரு செபம். மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் மாலைச் செபத்தை முடிக்கும்போதே நாற்காலியைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்துவிட்டான். ‘ஆமென்’ என்றால் நாற்காலியைத் தூக்கு என்பதுபோலப் பழக்கமாகிவிட்டது.

ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு செப மேசை உண்டு. திருவழிபாட்டுக் காலத்துக்கேற்ற நிறத்தில் துணி, விவிலியம், சிலுவை, மெழுகுவர்த்தி. திருவருகைக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும் ஊதா, கிறிஸ்து பிறப்புக்கும் பாஸ்காவுக்கும் வெள்ளை, சாதாரணக் காலத்துக்குப் பச்சை. நாங்கள் போனது தவக்காலம். ஒரு வகுப்பில் துணி இன்னும் பச்சையாகவே இருந்தது. இன்னொன்றில் விவிலியத்தின் மேல் பென்சில் சீவும் கருவியும், யாரோ தொலைத்த ஒற்றைக் கையுறையும். தீ விபத்துப் பயத்தால் வகுப்புகளில் பேட்டரி மெழுகுவர்த்திதான். அதிலும் பாதிக்கு பேட்டரி தீர்ந்துபோயிருந்தது.

திங்கட்கிழமை முழுப் பள்ளிக்கும் அரங்கில் வழிபாடு. தலைமையாசிரியர் ஞாயிறு நற்செய்தியை எடுத்துச் சொல்வார்; நன்றாகவே பேசுவார். புதன் பாடல் பயிற்சி. வெள்ளிக்கிழமை பாராட்டுக் கூட்டம்: வாரத்தின் நட்சத்திரம், பெருக்கல் வாய்பாட்டுச் சான்றிதழ், நூறு சதவீதம் வந்த வகுப்புக்குக் கோப்பை, கடைசியில் ஒரு செபம். வழிபாட்டுப் பதிவேட்டில் அந்த வெள்ளிக்கிழமையும் ‘கூட்டு வழிபாடு’ என்றே ஏறியிருந்தது.

இதையெல்லாம் படிக்கும்போது அலட்சியமான பள்ளி என்று தோன்றலாம். அப்படியில்லை. பிள்ளைகள் மரியாதையானவர்கள், செபங்கள் மனப்பாடம், பாட்டு அருமை. பழைய ஆய்வறிக்கை ஒன்றும் மோசமாக இல்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுவதாலேயே யாரும் நின்று பார்க்கவில்லை.

பிள்ளைகள் சொன்னது

ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக உட்காரவைத்துப் பேசினோம். “பள்ளியில் செபித்ததில் எது நினைவிருக்கிறது?” என்பது கேள்வி.

திங்கட்கிழமை உரையை யாரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையைக் கேட்டபோது ஒரு பெண் “அது அசெம்பிளிதானே மிஸ்டர்” என்று என்னைத் திருத்தினாள். பதிவேட்டுக்குத் தெரியாதது பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது நவம்பர் மாதம். இறந்தோரை நினைக்கும் மாதம் அது. அரங்கின் மூலையில் ஒரு புத்தகம் வைத்து, யார் வேண்டுமானாலும் போய்ப் பெயர் எழுதலாம் என்று விட்டிருந்தார்கள். தாத்தா, பாட்டி, பிறக்காமலே போன தம்பி, செத்துப்போன பூனை. எழுதியவற்றை யாரும் சரிபார்க்கவில்லை, யாரும் வாசித்துக் காட்டவும் இல்லை. மாதக் கடைசியில் புத்தகத்தைத் திறந்துவைத்து, நிஜ மெழுகுவர்த்தி ஏற்றி, எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஒரு முஸ்லிம் பையனும் தன் நானியின் (பாட்டியின்) பெயரை எழுதியிருந்தான். அவனுடைய அம்மாவிடம் முன்பே கேட்டுக்கொண்டானாம்.

இன்னொருவன் சொன்னது வேறு விதம். அவனுடைய பழைய ஆசிரியை ஒருத்தி செப நேரத்தில் கணினியை மூடிவிட்டுத் தரையில் அவர்களோடு வந்து உட்காருவாராம். “மிஸ்ஸும் கண்ணை மூடுவார், அதனால் நாங்களும் மூடினோம்.”

எனக்கு இந்த ஆய்வின் மையம் அந்த வாக்கியம்தான்.

எடுத்த நடவடிக்கைகள்

தலைமையாசிரியர் செய்த முதல் காரியம், எதையும் சேர்ப்பதற்குப் பதில் குறைத்தது. வெள்ளிக்கிழமைச் சான்றிதழ் விழா தனி, வழிபாடு தனி. விழா அதே நாளில் நடக்கும்; ஆனால் அதை வழிபாடு என்று எழுதக் கூடாது. அன்றைய வழிபாடு வகுப்பறைக்குப் போனது. காலைச் செபத்தில் போர்டை அணைத்துவிட வேண்டும். மனப்பாடமாகத் தெரிந்த செபத்துக்குத் திரை எதற்கு? செப நேரத்தில் வருகைப் பதிவு கூடாது. இதற்கெல்லாம் காசு செலவில்லை, ஆனால் ஆசிரியர் அறையில் முணுமுணுப்பு இருந்தது. காலை எட்டு ஐம்பதுக்கு அவர்களுக்கு ஆயிரம் வேலை. ஐந்து நிமிடம் என்பது அங்கே சின்ன விஷயமே இல்லை.

அடுத்தது வடிவம். ஒன்றுகூடுதல், இறைவார்த்தையைக் கேட்டல், பதில் தருதல், அனுப்பப்படுதல் என்ற நான்கு படிகள். கத்தோலிக்கப் பள்ளிகளில் பரவலாக இருக்கும் முறைதான். அதை வைத்துப் பிள்ளைகளே வழிபாட்டைத் தயாரிக்க வேண்டும் என்பது ஆய்வகத்தின் எதிர்பார்ப்பும்கூட. வயதுக்கேற்ற ஏணி ஒன்று போட்டார்கள். ரிசெப்ஷன் பிள்ளைகள் துணியின் நிறத்தைத் தேர்ந்து விரிப்பார்கள். இரண்டாம் ஆண்டு பாட்டையும் ஒரு பொருளையும் தேர்வார்கள். நான்காம் ஆண்டு பதில்செயலை யோசிக்கும். ஆறாம் ஆண்டு வாசகத்திலிருந்து எல்லாம் அவர்கள் பொறுப்பு.

நான்காம் ஆண்டுக் குழு ஒன்று தயாரித்ததை உட்கார்ந்து பார்த்தேன். மாற்கு நற்செய்தியில் வரும் பர்த்திமேயு என்ற பார்வையற்ற பிச்சைக்காரரின் கதை. ஆசிரியை எதிர்பார்த்தது கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் விளையாட்டு. எல்லாப் பள்ளியிலும் அதைத்தான் செய்வார்கள். ஒரு பையன் வாசகத்தைத் திரும்ப வாசித்துவிட்டு, “இவர் எழுந்திருக்கும்போது போர்வையைத் தூக்கி எறிகிறாரே, அது எதற்கு?” என்றான். பிச்சைக்காரரிடம் இருந்ததே அந்தப் போர்வை ஒன்றுதான் என்று இன்னொருத்தி சொன்னாள். குளிருமே என்றான் மூன்றாமவன். கடைசியில் நடுவில் ஒரு பழைய போர்வையைப் போட்டார்கள். ஒவ்வொருவரும் தாங்கள் விட முடியாமல் பிடித்துக்கொண்டிருப்பதை மனதுக்குள் நினைத்து, அதன் விளிம்பைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்பதும் அவர்கள் முடிவு. ஆசிரியை இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் மூடிக்கொண்டார். அன்றைக்கு அவர் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான் என்று பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்.

இப்படியே போனால் கட்டுரை இங்கே முடிந்துவிடும். போகவில்லை.

வழுக்கல்

அரைப் பருவம் கழிந்ததும் பிள்ளைகளின் வழிபாடுகள் ஒன்றைப் போல ஒன்று இருக்க ஆரம்பித்தன. அதே நான்கு படி, அதே தாளில் நிரப்பிய கட்டங்கள், அதே மெல்லிய பியானோ இசை. பதில்செயல் எப்போதும் ஒட்டுத் தாளில் எழுதி மரத்தில் ஒட்டுவது. வழிபாட்டுத் தலைவர் என்று பேட்ஜ் குத்தியவர்கள் நன்றாக வாசிக்கிற, பேசப் பயப்படாத அதே சில பிள்ளைகள். பெரும்பாலும் பெண் பிள்ளைகள். மற்றவர்கள் பார்வையாளர்கள். முன்பு தலைமையாசிரியரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது சக மாணவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர்கள் எங்கே இருந்தார்கள்? இது பிள்ளைகள் நடத்துவது என்று ஒதுங்கி நின்றார்கள். ஒருவர் பின்னால் நோட்டுத் திருத்தினார். ஒருவர் ஐபேடில் படமெடுத்தார். ஆய்வாளர்கள் வந்தால் காட்ட ஆதாரம் வேண்டுமே. மௌன நேரத்தில் கேமரா ‘க்ளிக்’ என்றதும் பிள்ளைகள் பாதிப் பேர் நிமிர்ந்து சிரித்தார்கள், பழக்கதோஷம். அந்தப் படங்கள் அழகான கோப்பாகி வரவேற்பறையில் இருந்தன.

பள்ளிகளை ஆய்வு செய்யும் முறையில் எனக்கு இருக்கும் மனக்குறையை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தின் நோக்கம் நல்லது. அவர்கள் கோப்பு கேட்கவில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் பள்ளிகள் கோப்பு தயாரிக்கும். தரம் போடப்படும் எந்த விஷயத்துக்கும் ஆதாரம் சேர்க்கும் புத்தி வந்துவிடும். செபத்துக்கு ஆதாரம் சேர்க்க ஆரம்பித்தால் படமெடுக்க வசதியான செபங்கள்தான் பெருகும்.

பயிற்சி நாளில் நடந்தது

மாற்றம் வந்தது ஓர் இன்செட் நாளில். பிள்ளைகளுக்கு விடுமுறை, ஆசிரியர்களுக்குப் பயிற்சி. மறைமாவட்டக் கல்வி ஆலோசகர் ஒருவர் வந்தார். எல்லோரும் எதிர்பார்த்தது இன்னொரு திட்டத் தாள். அவர் அதைக் கொடுக்காமல், ஒரு நற்செய்திப் பகுதியை மெதுவாக மூன்று முறை வாசித்து, இடையிடையே மௌனம் விட்டு, மனதில் பட்ட ஒரு சொல்லை மட்டும் சொல்லச் சொன்னார். துறவியர் நூற்றாண்டுகளாகச் செய்துவரும் வாசிப்பு முறைதான். முதல் மௌனத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. மூன்றாவதில் ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

பிறகு தேநீர் இடைவேளையில் உதவி ஆசிரியை ஒருவர் கேட்ட கேள்வி எல்லாவற்றையும் திறந்துவிட்டது. “நான் எந்தக் கோயிலுக்கும் போகிறவள் இல்லை. பிள்ளைகள் சிலுவை அடையாளம் போடும்போது நானும் போடலாமா, போட்டால் நடிப்பதாகிவிடுமா?” அந்தப் பள்ளியில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறவர். இத்தனை நாளும் யாரும் அவரிடம் இதைப் பேசியதில்லை. செப நேரத்தில் நோட்டுத் திருத்தியதும் அவர்தான். கை கால்களை என்ன செய்வது என்று தெரியாமல்தான் வேலை தேடிக்கொண்டாராம். ஆலோசகர் சொன்ன பதில் நிதானமானது: சிலுவை அடையாளம் போடுவது அவர் விருப்பம், யாரும் வற்புறுத்த முடியாது. அமைதியாக, வேறு வேலை செய்யாமல், பிள்ளைகளோடு அங்கே இருப்பதுதான் முக்கியம். அதில் நடிப்பு எதுவும் இல்லை.

அதன்பின் வந்த விதிகள் இரண்டு. செப நேரத்தில் படம் எடுப்பது கிடையாது, யாருக்கும், எதற்கும். அறையில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் வட்டத்துக்குள் உட்கார வேண்டும். பேட்ஜ் முறையை எடுத்துவிட்டு, தயாரிக்கும் குழுவைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தார்கள். திங்கள் காலை ஊழியர் கூட்டம் ஒரு சின்னச் செபத்தோடு தொடங்கியது. அதை ஆசிரியர்கள் முறைவைத்து நடத்தினார்கள். மிகவும் கூச்சப்பட்டவர் கணித ஒருங்கிணைப்பாளர். அவர் நடத்திய செபம் முப்பது விநாடிகூட இருக்காது. ஊழியர் அறையில் இப்போதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மௌனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். ரிசெப்ஷனில் ஒரு சின்ன மணியை அடித்து, அதன் ஒலி காதுக்குக் கேட்காமல் போகும்வரை அமைதி. பெரிய வகுப்பில் ஒரு நிமிடம். சிறுவர் திருப்பலிக்காக வத்திக்கான் 1973இல் வெளியிட்ட வழிகாட்டியே மௌனத்தை விட்டுவிடாதீர்கள், பிள்ளைகளாலும் அது முடியும் என்று சொல்கிறது. ஐம்பது ஆண்டு பழைய ஆவணம். ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்கு மௌனத்தைவிடத் திடீர்ப் பாட்டுத்தான் பிரச்சினை. கதவோரம் நாற்காலி, காதடைப்பான், வேண்டும்போது வெளியே போக அனுமதி. அந்த வகுப்பு முழுதும் ‘பரலோக மந்திரத்தை’ (இயேசு கற்பித்த செபம்) மக்கட்டன் என்ற கைச்சைகை முறையின் சைகைகளோடு சொல்லப் பழகியது. சைகை செய்ததால் வேகம் தானாகக் குறைந்தது. இது யாரும் திட்டமிடாத லாபம்.

திருப்பலி

பங்குக் கோயில் நடந்துபோகும் தூரம். முழுப் பள்ளித் திருப்பலி பருவத்துக்கு ஓரிரு முறை, பெரிய திருநாட்களை ஒட்டி. வரிசை கட்டி நடப்பதிலேயே ஒரு காலை போய்விடும். ஆளுக்கொரு வரி வாசிக்கப் பிள்ளைகள் மேலேயும் கீழேயும் ஏறி இறங்குவார்கள், காணிக்கையில் கால்பந்து வரை போகும், முடிவில் நடனம். பெற்றோர் கைபேசியைத் தூக்கிப் பிடிப்பார்கள். பங்குத்தந்தை பொறுமைசாலி, ஆனால் அவருக்கே களைப்பு.

அதே 1973 வழிகாட்டியை எடுத்துப் படித்தபோது அவருக்கும் தலைமையாசிரியருக்கும் வழி கிடைத்தது. வாசகங்களைக் குறைக்கலாம், நற்செய்தியை மட்டும் விடக் கூடாது. குருவுக்குப் பிள்ளைகளோடு பேசுவது கைவராவிட்டால், பொறுப்பாளரின் ஒப்புதலோடு பெரியவர் ஒருவர் நற்செய்திக்குப் பின் பேசலாம். கூட்டம் பெரிதானால் சிறு குழுக்களாகப் பிரிக்கலாம். வாரநாட்களில் தினமும் வைக்காவிட்டால் சலிப்பும் குறையும், பலனும் கூடும் என்றுகூட அதில் இருக்கிறது. 1974இல் வந்த, பிள்ளைகளுக்கான மூன்று நற்கருணை மன்றாட்டுகளும் கையில் இருந்தன. எனவே ஒரு வகுப்புக்கு மட்டும், அரங்கில், வாரநாள் காலைத் திருப்பலி. மேசையைச் சுற்றி அரைவட்டமாக உட்கார்ந்தார்கள். கத்தோலிக்கரல்லாத பிள்ளைகளும், இன்னும் முதல் நன்மை (முதல் நற்கருணை) வாங்காதவர்களும் கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு ஆசீருக்கு வந்தார்கள். நடனம் இல்லாததைப் பற்றிப் பெற்றோர் தரப்பில் வருத்தம் இருந்தது, பிள்ளைகள் தரப்பில் யாரும் கேட்கவில்லை.

வீட்டு மொழிகளும் விலகும் உரிமையும்

அக்டோபர் செபமாலை மாதம். மதிய இடைவேளையில், விருப்பமுள்ளவர்கள் மட்டும் வரலாம் என்று வைத்தார்கள். பெற்றோரையும் அழைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாது. வந்தது தாத்தா பாட்டிகள். செபமாலையின் முதல் பத்து மணிகளுக்கு ஆங்கிலத்தில், அப்புறம் அவரவர் மொழியில். போலிஷ், மலையாளம், தகாலோக், இக்போ. எங்கள் ஊர் அம்மம்மா ஒருவர் ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கியதும், பள்ளியில் தமிழ் பேசவே கூச்சப்படும் இரண்டாம் ஆண்டுப் பேத்தி பின்பாதியை முழுசாகச் சொல்லி முடித்தாள். ஆசிரியைக்கு அவள் தமிழ்ப் பிள்ளை என்பதே அன்றுதான் தெரியும். இந்தக் குடும்பங்கள் ஜூலையில், நோர்ஃபோக்கிலுள்ள வால்சிங்கம் மாதா திருத்தலத்துக்கு நடக்கும் தமிழ்த் திருயாத்திரைக்குப் பேருந்து பிடித்துப் போகிறவர்கள். இலங்கையின் மடு மாதா கோயிலுக்குப் போக முடியாத குறையை நோர்ஃபோக்கில் தீர்த்துக்கொள்பவர்கள். அவர்களுடைய செப வாழ்க்கை பள்ளிக்குள் எந்த வடிவிலும் அதுவரை தெரிந்ததில்லை.

விலகல் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் திருப்பலிக்கு மட்டும் பிள்ளையை அனுப்ப விரும்பவில்லை. மற்ற செபங்களுக்கு ஆட்சேபம் இல்லை. முன்பெல்லாம் அந்த மாதிரிப் பிள்ளையை அலுவலக வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார வைப்பார்கள், போகிற வருகிறவர்கள் “என்ன தப்பு செய்தாய்?” என்று கேட்பார்கள். இப்போது நூலகத்தில் ஒரு பெரியவரோடு வாசிப்பு நேரம். 2025 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வட அயர்லாந்துத் தொடக்கப்பள்ளி ஒன்றின் வழக்கில், விலகும் உரிமை இருக்கிறது என்பது மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தும் குடும்பத்துக்கு அது பாரமாகவும் அவமானமாகவும் ஆகிவிடக் கூடாது என்ற பக்கம் தீர்ப்பளித்தது. அது கத்தோலிக்கப் பள்ளி வழக்கு அல்ல, இங்கிலாந்துச் சட்டத்தையும் அது நேரடியாக மாற்றவில்லை. ஆனாலும் அலுவலக வாசல் நாற்காலி நினைவுக்கு வராமல் அந்தத் தீர்ப்பைப் படிக்க முடியவில்லை.

இப்போதைய நிலை

ஆய்வாளர்கள் வந்து போனார்கள். அறிக்கைகள் பொதுவெளியில் கிடைக்கும் என்பதால் கிடைத்த தரத்தைச் சொன்னால் பள்ளியைச் சொன்னதாகிவிடும். கோப்பு எங்கே என்று அவர்கள் கேட்கவில்லை. பிள்ளைகளோடுதான் அதிக நேரம் உட்கார்ந்து பேசினார்கள்.

கவலைகள் இருக்கின்றன. பர்த்திமேயு வழிபாட்டில் வாயை மூடிக்கொண்டாரே, அந்த ஆசிரியை வேறு ஊருக்குப் போய்விட்டார். லண்டனில் வாடகை கொடுத்து இளம் ஆசிரியர்கள் நிலைப்பது கஷ்டம். ஆண்டுதோறும் புதியவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு முதல் வாரமே தீயணைப்புப் பயிற்சியும் கணினிக் கடவுச்சொல்லும் கிடைத்துவிடுகின்றன, வட்டத்துக்குள் ஏன் உட்கார வேண்டும் என்பதை யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை. பங்குத்தந்தைக்கு இரண்டாவது பங்கு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள், வகுப்புத் திருப்பலிகளுக்கு நாள் கிடைப்பது அரிதாகிவிட்டது. மே மாதத் தேர்வு நெருங்கினால் ஆறாம் ஆண்டின் காலைச் செபம் மறுபடி இரண்டு நிமிடத்துக்குச் சுருங்கிவிடுகிறது.

மதியச் செபத்தை யாராலும் இன்னும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சாப்பாட்டு அரங்கு சின்னது, இரண்டு பந்தி, முதல் பந்தி தாமதித்தால் இரண்டாம் பந்திக்கு ஆறிப்போன சாப்பாடு. கோட்டை மாட்டிக்கொண்டே ஓடும் அந்தச் செபத்தை வரிசையிலிருந்து எடுத்து, உட்கார்ந்தபின் மேசைக்கு மேசை சொல்லலாமா என்று சமையலறைப் பொறுப்பாளரிடமும் மதிய மேற்பார்வையாளர்களிடமும் கேட்டிருக்கிறோம். பதில் அடுத்த கூட்டத்துக்கு வரும்.